பெட்ஷீட் அலமாரியை ஒழிக்கும்போது செய்யும் தவறுகள்

பெட்ஷீட், துண்டு, தலையணை உறை வைக்கும் அலமாரி பிதுங்க ஆரம்பித்ததும் பலரும் நேராகக் கடைக்குப் போய் ஜிப் வைத்த பைகளும் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளும் வாங்கி வந்துவிடுகிறார்கள். வந்த பெட்டிகளில் இருந்ததெல்லாம் அப்படியே இடம் மாறி உட்கார்ந்துகொள்கிறது. கிழிந்த விரிப்பும் இருக்கிறது, யாருக்கும் பிடிக்காத நைலான் போர்வையும் இருக்கிறது. இப்போது அவை கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். பெட்டி வாங்குவது இந்த வேலையின் கடைசிக் கட்டம். பல வீடுகளில் அந்தக் கட்டம் வரவே வராது; தேவையில்லாததை எடுத்த பிறகு இருக்கும் தட்டுகளே போதும்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடலாம். அலமாரி அடுக்குவதைப் பற்றிய வீடியோக்களில் பாதி குளிர் தேசத்து வீடுகளில் எடுத்தவை. அங்கே காற்று உலர்ந்தது, துணி காய்வது இயந்திரத்தில். நம் வீட்டு அலமாரியோ குளியலறைச் சுவரை ஒட்டிய சிமென்ட் பலகை அல்லது ஹாலின் மூலையில் நிற்கும் இரும்பு பீரோ. வெளியே ஐப்பசி மழை. அந்த ஊர் யோசனையை இங்கே அப்படியே செய்தால் அடுக்கு அழகாக இருக்கும், துணி கெட்டுப்போகும்.

எத்தனை வேண்டும் என்று கணக்குப் பார்க்காமல் கழிக்க உட்காருவது அடுத்த தவறு. ஒவ்வொரு துணியாகக் கையில் எடுத்து, வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் எல்லாமே வேண்டும் என்றுதான் தோன்றும். முதலில் எண்ணிக்கையை முடிவு செய்துகொண்டால் வாக்குவாதம் குறையும். ஒரு கட்டிலுக்கு மூன்று விரிப்பு: ஒன்று கட்டிலில், ஒன்று துவைக்கப் போனது, ஒன்று அலமாரியில். மழைக்காலத்தில் துணி காய இரண்டு நாள் ஆகும் வீடு என்றால் நான்கு. சிறு குழந்தையோ படுக்கையில் இருக்கும் பெரியவர்களோ இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, இரட்டிப்பாகக்கூட வைத்துக்கொள்ளலாம். குளிக்கும் துண்டு ஆளுக்கு இரண்டு அல்லது மூன்று. விருந்தாளிக்கு என்று இரண்டு செட். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் ஊரே வந்து தங்கும் வீடு என்றால் ஜமக்காளமும் போர்வையும் கூடுதலாக இருக்கட்டும். ஆனால் அவை தினமும் திறக்கும் தட்டில் இருக்க வேண்டியதில்லை, லாஃப்டுக்குப் போகலாம்.

இப்படி எண்ணும்போதுதான் நம் அலமாரிக்கே உரிய ஒரு சங்கதி தெரியவரும். உள்ளே இருப்பதில் கணிசமான பங்கு நாம் வாங்கியதே இல்லை. கிரகப்பிரவேசத்துக்கு வந்த பெட்ஷீட், துக்க வீட்டில் கோடியாக வந்த வேட்டி துண்டு, பாராட்டு விழாவில் போர்த்திய சால்வை, சீமந்தத்துக்கு யாரோ கொடுத்து மடிப்புக் கலையாத டவல் செட். ‘யாருக்காவது வைத்துக் கொடுக்கலாம்’ என்று உள்ளே போனவை. வைத்துக் கொடுக்கலாம்தான். அதற்கு ஒரே ஒரு பை ஒதுக்கி, அந்தப் பை நிறைந்தால் மேற்கொண்டு சேர்க்காமல் பார்த்துக்கொண்டால் போதும். பொன்னாடை என்று போர்த்துகிற பளபளப்பான சால்வைகளில் பெரும்பாலானவை போர்த்திக்கொள்ளவும் ஆகாது, துடைக்கவும் ஆகாது. அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதற்கு இதுவரை யாரும் நல்ல பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

அளவு தெரியாமல் மடித்து வைப்பது

அலமாரி இரண்டே வாரத்தில் பழையபடி கலைந்துபோவதற்கு மடிப்பு சரியில்லாததைக் காரணம் சொல்வார்கள். உண்மையில் அதைக் கலைப்பது தேடல். மடித்து வைத்த விரிப்பில் எது சிங்கிள், எது டபுள் என்று வெளியிலிருந்து தெரியாது. ஒன்றை உருவி, விரித்து, போதவில்லை என்று சுருட்டித் திணித்து, அடுத்ததை உருவுவார்கள். அடுக்கு அங்கேயே சரிந்துவிடும்.

நம் கடைகளில் சிங்கிள் என்பது பொதுவாக 60க்கு 90 அங்குலம், டபுள் 90க்கு 100, கிங் 108க்கு 108. மெத்தையைக் கையோடு அளந்துவிடுங்கள். 78க்கு 72 அங்குல மெத்தை, கனம் 6 அங்குலம் என்று வையுங்கள். அகலவாக்கில் 72, இரு பக்கமும் இறங்க ஆறும் ஆறும், ஆக 84. டபுள் விரிப்பின் அகலம் 90. பக்கத்துக்கு 3 அங்குலம்தான் மெத்தைக்கு அடியில் செருக மிஞ்சும். பருத்தி என்றால் முதல் சில துவைப்பில் கொஞ்சம் சுருங்கவும் செய்யும். விடிவதற்குள் விரிப்பு கழன்று நடுவில் சுருண்டு கிடப்பதற்கு இதுதான் காரணம். மெத்தை 8 அங்குலக் கனம் என்றால் அந்த மிச்சம் ஒரே ஒரு அங்குலம். அந்தக் கட்டிலுக்கு 108தான் சரி. கட்டிலை மாற்றிய வீடுகளில் பழைய கட்டிலுக்கு வாங்கிய விரிப்புகள் வருடக்கணக்கில் அலமாரியில் தங்கிவிடுகின்றன. எந்தக் கட்டிலுக்கும் சேராத விரிப்பு எவ்வளவு புதிதாக இருந்தாலும் வெளியே போக வேண்டியதுதான்.

அளவைக் காகிதத்தில் எழுதி ஒட்டினால் முதல் துவைப்போடு சரி. முன்பு வீடு வீடாகத் துணி எடுத்துப்போன சலவைத் தொழிலாளர்கள் சேராங்கொட்டைச் சாற்றால் ஓரத்தில் ஒரு குறி வைப்பார்கள். துணி கிழியும் வரை அது போகாது. சேராங்கொட்டை தோலைப் புண்ணாக்கும், வீட்டில் அதைத் தொட வேண்டாம். ஊசி நூல் போதும்: விரிப்பின் மூலையில் சிங்கிளுக்குச் சிவப்பு, டபுளுக்கு நீலம், கிங்குக்குப் பச்சை என்று நாலு தையல். மடிக்கும்போது அந்த மூலை வெளியே தெரிகிற மாதிரி மடியுங்கள். அதற்குரிய தலையணை உறைகளையும் உள்ளே வைத்தே மடித்துவிட்டால் ஒரு செட் ஒரு பொட்டலமாக வரும். எலாஸ்டிக் வைத்த விரிப்பைச் சதுரமாக மடிக்க வரவில்லை என்றால் விட்டுத்தள்ளுங்கள். சுருட்டி உறைக்குள் போட்டாலும் அது விரிப்புதான்.

ஈரத்தோடு கதவைச் சாத்துவது

நம் ஊரில் துணியைக் கெடுப்பதில் பூச்சிக்கு இரண்டாம் இடம்தான். முதல் இடம் ஈரத்துக்கு. காற்றில் ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சென்னையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது 80ஐச் சாதாரணமாகத் தாண்டும். அப்படிப்பட்ட நாளில் ‘கை வைத்துப் பார்த்தேன், காய்ந்துவிட்டது’ என்று எடுத்து மடிக்கும் துண்டில், தையல் ஓரத்திலும் கரைப் பகுதியிலும் ஈரம் நிற்கும். உள்ளே போய் நாலு நாளில் மொத்தத் தட்டும் மக்கிய வாடை அடிக்கும். தேங்காய்ப்பூத் துண்டு இந்த விஷயத்தில் மகா மோசம். மேலே சுணை காய்ந்திருக்கும், அடியில் நூல் ஈரமாக இருக்கும். உள்ளங்கையை நம்பாமல் ஓரத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை.

இஸ்திரி போட்ட கையோடு அடுக்குவதும் இதே கணக்குதான். சூட்டில் கிளம்பிய நீராவி மடிப்புக்குள் மாட்டிக்கொள்ளும். நாற்காலி முதுகில் போட்டு ஆறவிட்டு அப்புறம் வையுங்கள். வெயிலில் காய்ந்ததையும் சூடு தணிந்த பிறகு மடிப்பது நல்லது.

வாங்கிய பிளாஸ்டிக் உறையிலேயே பெட்ஷீட்டை ‘புதுசு கெடாமல்’ வைத்திருப்பவர்கள் ஏராளம். சில வகை பாலித்தீனில் அது நைந்துபோகாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் மெல்லத் துணிக்குள் இறங்கும். வாகனப் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் அதோடு வினைபுரிந்தால் வெள்ளைத் துணியில் மஞ்சள் படரும். ஒரு முறைகூட விரிக்காத வெள்ளை விரிப்பு மடிப்போரங்களில் மஞ்சளாவது பல நேரம் இதனால்தான். உறையைக் கழற்றிவிட்டு, பழைய பருத்தி வேட்டித் துண்டில் சுற்றி வையுங்கள். தட்டில் செய்தித்தாள் விரிப்பதும் வேண்டாத பழக்கம். தாள் பழுக்கப் பழுக்க அதிலுள்ள அமிலம் அடித் துணியைப் பழுப்பாக்கும், மையும் ஒட்டும். அங்கேயும் பழைய வேட்டியே உத்தமம். இரும்பு பீரோவில் பெயின்ட் உரிந்த இடத்தைத் துணி தொட்டால் துருக்கறை விழும். அது சோப்புக்குப் போகாது.

அடுக்கைச் சுவரோடு நெருக்கித் தள்ளாமல் நாலு விரல் இடம் விடுங்கள், மேலேயும் கொஞ்சம் இடம் இருக்கட்டும். தட்டு முழுக்க இறுக்கி அடைத்தால் காற்று நுழையாது, இழுத்தால் துணியும் வராது. வெயில் நாளில் கதவைத் திறந்து வைக்கலாம். மழை பெய்யும்போது திறந்து ‘காற்றாட’ விடுவது ஈரத்தை வரவழைத்து உட்காரவைப்பதற்குச் சமம்.

அந்துருண்டையை அள்ளிப் போடுவது

பூச்சி என்றாலே கை அந்துருண்டைக்குப் போகிறது. எந்தப் பூச்சிக்கு என்று கேட்பதில்லை. துணியைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு விரும்புவது கம்பளி, பட்டு, இறகு போன்ற விலங்குப் புரதம். சாப்பாட்டுக் கறையோ வியர்வையோ படிந்திருந்தால் ஒழிய, சுத்தமான பருத்தி விரிப்பை அது சீண்டாது. மிங்க் போர்வை என்று விற்பது பாலியஸ்டர், அதைப் பூச்சி ஏறிட்டும் பார்க்காது. பருத்தியில் ஓட்டை போடுவது இராமபாணப் பூச்சியும் கரப்பானும். அவற்றை இழுப்பது கஞ்சி. ஆகவே பல மாதம் உள்ளே வைக்கப்போகும் துணிக்குக் கஞ்சி போடாதீர்கள். கஞ்சி போட்டிருந்தால் அலசிவிட்டு வையுங்கள். பாதிப் பிரச்சினை உருண்டை இல்லாமலே தீர்ந்துவிடும்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. அந்துருண்டைகள் பலவற்றில் இருக்கும் நாப்தலின், உருகாமல் நேரே ஆவியாகும் பொருள். மூடிய அலமாரியில் அந்த ஆவி துணிக்குள் ஏறி நிற்கும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, நாப்தலின் ஏறிய துணியைச் சுற்றினாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள்காமாலை வரலாம். மருத்துவ நூல்களில் இது பல காலமாகப் பதிவாகியுள்ள ஆபத்து. நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி போடாமல், தாத்தாவின் நைந்த வேட்டியையோ மூத்த குழந்தையின் சட்டையையோ போடுவது வழக்கம். மென்மையாக இருக்கும், நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த வேட்டி வருகிற இடம் எது? அந்துருண்டை போட்ட டிரங்குப் பெட்டி. எடுத்து உதறிப் போடுவதும் இரவு முழுக்கக் காற்றாட விடுவதும் போதாது. குழந்தைத் துணி இருக்கும் அலமாரியில் உருண்டையே கூடாது. தெரியாமல் போட்டிருந்தால் சோப்புப் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்த பிறகும் வாடை வீசுகிறதா என்று பாருங்கள். வீசினால் குழந்தைக்கு வேண்டாம். தவழும் குழந்தை உருண்டையை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் அபாயம் தனி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008 முதல் நாப்தலின் உருண்டை விற்பனையில் இல்லை. கற்பூரமும் விழுங்கினால் வலிப்பை வரவழைக்கும், அதை மாற்று என்று நினைக்க வேண்டாம்.

கம்பளிக்கும் பட்டுக்கும் உலர்ந்த வசம்பை மெல்லிய துணியில் முடிந்து வைக்கலாம். வேப்பிலை வைப்பதானால் மொறமொறவென்று காய்ந்திருக்க வேண்டும், பச்சையாக வைத்தால் அதுவே பூஞ்சை பிடித்துக் கறை விடும். எதை வைத்தாலும் அழுக்குத் துணியை மட்டும் உள்ளே வைக்காதீர்கள். மார்கழியில் போர்த்திய கம்பளியைத் துவைக்காமல் மடித்து வைத்துவிட்டு, அடுத்த மார்கழியில் ஓட்டையைப் பார்த்துக் கடைக்காரரைத் திட்டுவதில் நியாயமில்லை.

துண்டுக்கு ஒரே ஒரு வார்த்தை: கம்ஃபர்ட் மாதிரியான மென்மையாக்கியில் முக்காதீர்கள். நூலின் மேல் வழுவழுப்பான படலம் படிந்து, துண்டு தண்ணீரை இழுப்பதை விட்டுவிடும்.

காற்றை உறிஞ்சி அமுக்கும் வேக்யூம் பை லாஃப்டில் இடத்தை மிச்சப்படுத்தும். பாலியஸ்டர் போர்வைக்கு அது சரி. இலவம் பஞ்சுத் தலையணையை அதில் அமுக்கினால் பஞ்சு கட்டிபட்டுப்போகும், பழைய உப்பல் திரும்பாது. ஈரம் இருந்தால் அதையும் சேர்த்துத்தான் பூட்டி வைக்கிறீர்கள். பவானி ஜமக்காளம் மாதிரி கனமான விரிப்பை மடிக்காமல் சுருட்டி, ஓரமாக நிறுத்தாமல் படுக்கவையுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் மடிப்போரத்தில் நூல் இற்றுவிடும். அதே காரணத்தால் பட்டுத் துணியை அவ்வப்போது மடிப்பு மாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

கழித்ததைக் கண்ட இடத்தில் தள்ளுவது

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடலோரத்தில் நாடெங்குமிருந்து வந்த பழைய துணி சாலையோரங்களில் குவிந்து, மழையில் நனைந்து கிடந்தது. கிழிந்ததும் கறை படிந்ததும் எடுக்க ஆளில்லாமல் போயிற்று. வீட்டில் நீங்களே விரிக்கக் கூசும் பெட்ஷீட்டைத் தானம் என்று அனுப்பாதீர்கள். துவைத்து, கிழிசல் இல்லாமல், செட்டாக இருந்தால் மட்டும் கொடுங்கள். 1999இல் டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் போன்ற அமைப்புகள் பழைய பருத்தித் துணியைத் தரம் பிரித்து, மாதவிடாய்த் துணியாகக்கூடத் தைத்துக் கொடுக்கின்றன; அவர்களும் கேட்பது துவைத்த துணியைத்தான். நைந்த துண்டும் போர்வையும் நாய், பூனைக் காப்பகங்களுக்கு உதவும். எதற்கும் போன் செய்து கேட்டுவிட்டு எடுத்துப் போங்கள்.

மிச்சம் கரித்துணி. பழைய பருத்தி விரிப்பு ஒன்றை வெட்டினால் அடுப்படிக்கும் தரைக்கும் வண்டி துடைக்கவும் ஆறு மாதம் வரும். ‘துடைக்க ஆகும்’ என்று எட்டு விரிப்பைச் சேர்த்து வைத்தால் அது இன்னொரு அலமாரி. ஒன்றை இப்போதே வெட்டிச் சிங்குக்கு அடியில் போடுங்கள். பாலியஸ்டர் கலந்ததைக் கரித்துணிக்கு வைக்காதீர்கள், தண்ணீரை இழுக்காது, சூடான பாத்திரத்தைப் பிடித்தால் உருகிக் கையில் ஒட்டும்.

இந்த வேலை முழுவதையும் பங்குனி, சித்திரை வெயிலில் வைத்துக்கொள்வது உசிதம். தீபாவளிக்கு ஒழிக்கிறேன் என்று ஆரம்பித்தால் வெளியே எடுத்த துணியை உலர்த்த இடமிருக்காது, மழை பிடித்துக்கொள்ளும்.