4கே வாங்குமுன் ஹாலை அளந்து பாருங்கள்

மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் டிவிக்கு இரண்டு மூன்றடி முன்னால் நின்றுதான் பார்க்கிறோம். அங்கே ஃபுல் எச்டிக்கும் (1920×1080 புள்ளிகள்), அதைப்போல் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கேவுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வீட்டில் பத்தடி தள்ளி உட்கார்ந்தால் தெரியாது. அதனால் கிளம்புமுன் டேப்பை எடுங்கள். சுவருக்குச் சுவர் அளந்தால் கணக்குத் தப்பும். சோபாவில் சாய்ந்திருப்பவரின் கண்ணிலிருந்து திரை வரும் இடம்வரை அளக்க வேண்டும்.

ஒரு பாகை (டிகிரி) கோணத்தை அறுபது பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. 6/6 பார்வையுள்ள, அதாவது குறையில்லாத கண் பிரித்தறியும் அளவு அதுதான். இதன்படி, ஃபுல் எச்டி டிவியின் இன்ச்சை 0.13-ஆல் பெருக்குங்கள். அந்த அடிக்கு அப்பால் புள்ளிகள் தனியாகத் தெரியா. 43 இன்ச்சுக்கு 5.6 அடி, 55-க்கு ஏழடி சொச்சம். அதையும் தாண்டி உட்காருபவருக்கு 4கேயின் கூடுதல் புள்ளிகளால் பயனில்லை. 55 இன்ச்சில் 4கே இல்லாத டிவி இப்போது அரிது என்பதால், யோசிக்க வேண்டியவர்கள் 43 இன்ச் வாங்குபவர்கள்தான். மிச்சமாகும் பணத்தை நல்ல கான்ட்ராஸ்ட் (கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம்) உள்ள பேனலில் போடுங்கள். அது எவ்வளவு தள்ளி உட்கார்ந்தாலும் தெரியும்.

உங்கள் கண்ணையும் சோதியுங்கள். 1 மிமீ தடிமனில் கறுப்புக் கோடுகள், நடுவே 1 மிமீ வெள்ளை என்று பிரிண்ட் எடுத்து, வெளிச்சமான சுவரில் ஒட்டுங்கள். கண்ணாடி போடுபவர் போட்டுக்கொண்டே பின்னால் நடக்கலாம். சுமார் 11 அடிவரை கோடுகள் பிரிந்து தெரிந்தால் 6/6. எட்டடியிலேயே சாம்பல் பட்டையாகக் கலந்தால், மேலே வந்த அடியை 8/11-ஆல் பெருக்குங்கள். 43 இன்ச்சுக்கு நாலடிதான். அப்படியானால் டிவிக்கு முன் கண் பரிசோதனை முக்கியம். அரவிந்த் கண் மருத்துவமனை நம்மூரிலேயே இருக்கிறது.

கம்ப்யூட்டர் மானிட்டர் கதை வேறு. 24 இன்ச் ஃபுல் எச்டியில் ஒரு புள்ளி 0.28 மிமீ; 95 செமீ தள்ளினால்தான் மறையும். நாம் உட்காருவதோ 60 செமீ. சின்ன எழுத்தில் ண, ன சுழிகள் ஒட்டிப்போய்த் தெரிவது இதனால்தான். டிடிபி (கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் அமைப்பது), பிழைதிருத்தம் செய்பவர்கள் 27 இன்ச் 4கே வாங்கினால் காசு வீணாகாது. அதன் புள்ளிகள் 54 செமீயிலேயே மறைந்துவிடும்.

கேபிளில் எஸ்டி (எச்டி அல்லாத சாதாரண) சேனல் பார்ப்பவருக்கு வருவது 720×576 புள்ளிகள்தான். எந்த டிவியும் இல்லாத விவரத்தைக் கொண்டுவராது. எச்டி பேக் போட்டும் மங்கலாக இருந்தால், டிவியின் பிக்சர் சைஸை 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது '1:1' என்று மாற்றுங்கள். ஓரங்களை வெட்டிப் படத்தை இழுக்கும் ஓவர்ஸ்கேன் நின்று, கூர்மை திரும்பும்.