ராஜா படத்தை எண்ணெய் வண்ணத்தில் நகலெடுக்க

காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் முகப்பில் மாட்ட, ரவிவர்மா (1848–1906) பாணியில் அரசர் படம் கேட்பவர்கள் உண்டு. கையில் இருப்பது 8 × 10 அங்குல அச்சு என்றால் 24 × 30 அங்குல கேன்வாஸ் அளவாகப் பொருந்தும். அச்சில் 1 அங்குலக் கட்டம், கேன்வாஸில் 3 அங்குலக் கட்டம், மொத்தம் 80. முகம் விழும் கட்டங்களை மட்டும் இன்னும் நான்காகப் பிரியுங்கள். கண் ஒரு நூல் தள்ளினாலும் ராஜா வேறு ஆளாகிவிடுவார்.

முதலில் அம்பர் (umber) என்னும் மண்பழுப்பு நிறத்தை டர்பன்டைனில் கரைத்து ஒளி, நிழல் மட்டும். காய்ந்த பிறகே நிறம். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவு, மேலே போகப்போகக் கூடுதல். இது தலைகீழானால் மேல்பூச்சு முந்திக் காய்ந்து, அடிப்பூச்சு அசையும்போது வெடித்துவிடும்.

நகைதான் நேரம் தின்னும். தங்கப் பெயின்டைத் தொடவே தொடாதீர்கள். நிழல் பக்கமும் ஒரே மாதிரி மின்னி, காசுமாலை ஜிகினா போல ஆகிவிடும். நகையின் ஒவ்வொரு மணிக்கும் மஞ்சள் காவி அடி, நிழல் பக்கம் சுட்ட அம்பர், அந்த நிழலின் ஓரத்தில் மெல்லிய செங்காவிக் கோடு, கடைசியாக வெள்ளை கலந்த எலுமிச்சை மஞ்சளில் ஒரே புள்ளி. இரண்டாவது புள்ளி வைத்தால் கெட்டது.

வார்னிஷுக்கு 6 மாதமாவது பொறுங்கள். முற்றத்து வெயிலும் சாரலும் படாத சுவரில், சட்டத்தின் பின்னால் அரை அங்குலக் கட்டை கொடுத்து, காற்றோட விட்டு மாட்டுங்கள்.