ஓர் அறையில் மட்டும் பிளக் பாயிண்டுகள் வேலை செய்யாதபோது

செங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் சாரல் பிடித்துவிட்டால், மேற்குச் சுவர்கள் குடித்த ஈரத்தை எளிதில் விடுவதில்லை. ‘ஹாலில் கரண்ட் இருக்கிறது, அடுக்களையில் இருக்கிறது, பின்னறையில் பிளக் பாயிண்ட் மட்டும் செத்துக் கிடக்கிறது’ என்ற புகாரை அந்த நாட்களில்தான் அதிகம் கேட்கலாம். உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு அந்தப் பாயிண்டையே கழற்றுவது பலருடைய வழக்கம். பெரும்பாலும் அது வீண் வேலை. கரண்ட் ஒரு போர்டிலிருந்து அடுத்த போர்டுக்கு லூப் ஆகப் போகிறது என்பதால், வரிசையாகப் பல பாயிண்டுகள் செத்திருந்தால், உயிருள்ள கடைசிப் பாயிண்டுக்கும் செத்துப்போன முதல் பாயிண்டுக்கும் இடையில்தான் பழுது இருக்கும்.

ஆகவே முதலில் எது எரிகிறது, எது எரியவில்லை என்பதைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். சுவரின் மறுபுறம் உள்ள பாயிண்டையும் விட்டுவிடக் கூடாது. த்ரீ ஃபேஸ் (கரண்ட் கொண்டுவரும் மூன்று ஒயர்) இணைப்புள்ள வீட்டில் பல அறைகள் ஒன்றாக நின்றுபோயிருந்தால், தெருவிலேயே ஒரு ஃபேஸ் போயிருக்கலாம். பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு மின்வாரியத்துக்குச் சொன்னால் போதும். தமிழ்நாட்டில் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987; புளியரையைத் தாண்டி, கேரளத்தின் ஆரியங்காவுப் பக்கம் வீடு என்றால் 1912. சில விளக்குகள் கண் கூசும்படி எரிய, வேறு சில மங்கினால், வீட்டுக்கு வரும் நியூட்ரலே (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) அறுந்திருக்கக்கூடும். 230 வோல்ட் வர வேண்டிய லைனில் 400 வோல்ட் வரை ஏற வாய்ப்பு உண்டு என்பதால், எதையும் தேடாமல் மெயினை அணைத்துவிட வேண்டும்.

அடுத்தது டி.பி. பாக்ஸ், அதாவது வீட்டு லைன்கள் பிரியும் பெட்டி. ட்ரிப் ஆன எம்.சி.பி. (அதிகக் கரண்ட் போனால் தானாக விழும் சுவிட்ச்) சில சமயம் முழுவதும் கீழே விழாமல் நடுவில் நிற்கும். அதை அப்படியே மேலே தள்ளினால் பிடிக்காது, முதலில் நன்றாகக் கீழே இறக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஏற்றியதும் மறுபடி விழுந்தால் கட்டாயப்படுத்தக் கூடாது. பழைய பீங்கான் ஃபியூஸ் கேரியர் உள்ள வீடுகளில் மெயினை அணைத்த பிறகே கேரியரைப் பிடுங்க வேண்டும்; ஃபியூஸ் ஒயர் இல்லை என்று சாதாரணச் செம்புக் கம்பியை முறுக்கி வைப்பவர்கள், அடுத்த முறை உருகப்போவது சுவருக்குள் இருக்கும் ஒயர் என்பதை நினைப்பதில்லை. ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) விழுந்திருந்தால் அது காக்கும் எல்லாப் பிளக்குகளையும் உருவிவிட்டு ஏற்றிப் பார்க்கலாம். ஒவ்வொன்றாகச் செருகும்போது எது விழவைக்கிறதோ அந்தச் சாதனத்தில் கசிவு. எல்லாம் உருவிய பிறகும் நிற்கவில்லை என்றால், ஈரம் ஒயரிங்குக்குள் போயிருக்கலாம்; அது வயர்மேனுக்கான வேலை.

இன்வெர்ட்டரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓர் அறையின் பாயிண்டுகள் மட்டும் இன்வெர்ட்டர் லைனில் கோக்கப்பட்டிருந்தால், அது ஓவர்லோடில் நின்றுபோனாலே அந்த அறை மட்டும் செத்துவிடும். இதைவிட முக்கியமான விஷயம், மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் என்பது.

இவையெல்லாம் சரியாக இருந்தால், எந்த ஒயர் போயிருக்கிறது என்பதை எதையும் கழற்றாமலே டெஸ்டரால் கண்டுபிடிக்கலாம். முதலில் வேலை செய்யும் ஒரு பாயிண்டில் டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய எர்த் ஓட்டை மேலே இருக்கும்படி எதிரே நின்றால், வலப்புறம் ஃபேஸ், இடப்புறம் நியூட்ரல். சுவிட்சைப் போட்ட பிறகும் இரண்டிலும் எரியவில்லை என்றால் ஃபேஸ் வரவில்லை. ஒரே ஒரு பாயிண்ட் மட்டும் அப்படி என்றால் அதன் சுவிட்சே தேய்ந்திருக்கலாம். இரண்டிலும் எரிந்தால் நிலைமை வேறு.

என் வீட்டுப் பின்னறையில் ஒரு முறை அப்படித்தான் ஆனது. லைட்டும் ஃபேனும் ஓடின, செல்போன் சார்ஜர் மட்டும் உயிரில்லாமல் கிடந்தது. டெஸ்டரை வைத்தால் இரண்டு ஓட்டையிலும் விளக்கு. தவறுதலாக இரண்டு ஃபேஸ் சேர்ந்துவிட்டதோ என்று பயந்துபோனேன். வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் சிரித்துவிட்டு, “அண்ணாச்சி, இது ரெண்டு ஃபேஸ் இல்ல, நியூட்ரல் அத்துப்போச்சு. அந்தக் கொசுமருந்து மிஷினக் கழத்திட்டு வச்சுப் பாருங்க” என்றார். பக்கத்துப் பாயிண்டில் செருகியிருந்த அந்தச் சின்ன மிஷினை உருவியதும் இடப்புற ஓட்டையில் விளக்கு அணைந்துவிட்டது. ஃபேஸ் அந்த மிஷினுக்குள் புகுந்து, திரும்பிப் போக வழியில்லாமல் அறுந்த நியூட்ரல் ஒயரில் வந்து நின்றிருக்கிறது. மிஷின் செருகப்படாமல் இருந்திருந்தால், வலப்புறம் எரிந்து இடப்புறம் எரியாமல், நல்ல பாயிண்டைப் போலவே டெஸ்டர் காட்டி ஏமாற்றியிருக்கும்.

அதனால் டெஸ்டரை மட்டும் நம்பாமல், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டராலும் பார்ப்பது நல்லது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் 230 வோல்ட் அளவில் காட்டி, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் காட்டவில்லை என்றால் நியூட்ரல் அறுந்திருப்பது உறுதி. இதையே டெஸ்ட் லேம்பை (ஒயர் கோத்த பல்பு) ஃபேஸிலும் எர்த்திலும் வைத்துப் பார்க்க நினைத்தால், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உடனே விழுந்து குழப்பத்தைக் கூட்டும்.

போர்டைத் திறப்பது இதற்குப் பிறகுதான். மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, ரப்பர் செருப்புடன், ஈரமில்லாத கையுடன், திறந்த பிறகு ஒவ்வொரு முனையிலும் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டே தொட வேண்டும்; பார்த்து முடித்ததும் டெஸ்டரைக் கண்மூடி நம்பிவிடாமல், அது இன்னும் வேலை செய்கிறதா என்று இன்வெர்ட்டரையோ மெயினையோ போட்டு ஒரு நல்ல பாயிண்டில் சரிபார்த்து, திரும்பவும் அணைத்துக்கொள்வது முறை. ஒயர்களைக் கழற்றுமுன் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். என் வீட்டில் பழுது இருந்தது பின்னறையில் அல்ல, ஹாலில் உள்ள போர்டில். பின்னறைக்கு லூப் போகும் கறுப்பு நியூட்ரல் ஒயர் இழுத்தவுடன் கையோடு வந்தது. முனைச் செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. களிம்பேறிய பகுதியை வெட்டி, பளபளக்கும் செம்பு தெரியும்வரை ரப்பரை உரித்து, முனையை இரட்டையாக மடித்துச் செருகி, ஸ்க்ரூவை இறுக்கியதும் வேலை முடிந்தது.

முனை கருகியிருந்தால் பாயிண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். 2,000 வாட் கீஸர் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும்; அதை அடாப்டர் போட்டு 6 ஆம்பியர் பாயிண்டில் செருகினால் முனை கருகாமல் என்ன செய்யும்? பழைய வீடுகளில் அலுமினிய ஒயர் இருந்தாலோ, இரண்டு போர்டுகளிலும் முனைகள் உறுதியாக இருந்தும் இடையில் தொடர்ச்சி இல்லை என்றாலோ, சுவருக்குள் ஒயர் ஓடும் பைப்பைத் தொடவேண்டி வரும். அங்கே கைவைக்க உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

போர்டை மூடிவிட்டு மெயினைப் போட்ட பின், இஸ்திரிப் பெட்டி போன்ற, சற்று அதிகக் கரண்ட் இழுக்கும் சாதனத்தைக் கோளாறு இருந்த பாயிண்டில் பத்து நிமிடம் ஓடவிட்டு, வழியில் உள்ள இரண்டு போர்டுகளின் முகப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் இறுக்கிய ஸ்க்ரூ இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. மறுபடி மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டுத் திறக்க வேண்டும்.