பல் எக்ஸ்ரே எடுக்கும்போது யார் எங்கே நிற்பது: கிளினிக் நடத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

ஓரிரு பல்லை வேரோடு காட்டும் சின்ன எக்ஸ்ரேயான ஒரு ஐ.ஓ.பி.ஏ. படத்தால் நோயாளிக்குச் சேரும் கதிர்வீச்சு சில மைக்ரோசீவெர்ட்தான் (உடம்பில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு இது). மண், வானம், உணவு வழியாக ஆண்டு முழுக்க ஒருவருக்கு இயற்கையாகச் சேர்வதோ உலகச் சராசரியில் 2,400 மைக்ரோசீவெர்ட். நோயாளி பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவர் வருஷத்துக்கு ஓரிரு முறைதான் அந்த நாற்காலியில் உட்காருகிறார். பக்கத்தில் நின்று ஃபிலிமை விரலால் அழுத்திப் பிடிக்கும் உதவியாளர் தினமும் அங்கேயே நிற்கிறார். இந்த வழிகாட்டி முதலில் அவரை நினைத்து எழுதப்பட்டது.

ஃபிலிமையோ, ஃபிலிமுக்குப் பதிலாக வாயில் வைக்கும் டிஜிட்டல் ஆர்.வி.ஜி. சென்சாரையோ டாக்டரும் பிடிக்கக் கூடாது, உதவியாளரும் பிடிக்கக் கூடாது. கதிர் வெளிவரும் தலைப்பகுதியான ட்யூப் ஹெட் தானாகத் தாழ்கிறது என்று கையால் தாங்கவும் கூடாது. அப்படித் தாழ்ந்தால் அது ஸ்பிரிங் பழுது, மெக்கானிக்கை வரவழைத்துச் சரிசெய்யும் வரை படம் எடுக்க வேண்டாம். பிடிப்பதற்கு ஹோல்டர் இருக்கிறது. அது இல்லாத நேரத்தில் நோயாளியே தன் விரலால் பிடிக்கட்டும். குழந்தை அசைந்தால் கூட வந்த தாயோ தகப்பனோ 0.25 மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமமான ஏப்ரன் போட்டுக்கொண்டு பிடிக்கலாம். கர்ப்பிணி பிடிக்கக் கூடாது.

கதிர் ட்யூப்பிலிருந்து மட்டும் வருவதில்லை. நோயாளியின் தலையில் பட்டுச் சிதறுவதும் நம் மேல் வந்து விழுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் அது நாலில் ஒரு பங்காகக் குறையும். நோயாளியின் தாடையிலிருந்து 30 சென்டிமீட்டரில் நிற்பவருக்கு விழுவதில் சுமார் 44-இல் ஒரு பங்குதான் 2 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு விழும். அதனால்தான் எக்ஸ்போஷர் ஸ்விட்சின் ஒயர் 2 மீட்டருக்காவது எட்ட வேண்டும் என்பது. சுருட்டி ஆணியில் மாட்டிய ஒயரை இன்றே அவிழ்த்து நீட்டி அளந்து பாருங்கள்.

தூரம் மட்டும் போதாது, கோணமும் வேண்டும். கதிர் போகும் திசையிலிருந்து 90 முதல் 135 டிகிரிக்குள் நிற்க வேண்டும். நடைமுறையில் இதன் பொருள், பல்லுக்குப் பல் நிற்கும் இடம் மாறும் என்பதே. வலது கடைவாய்ப் பல்லுக்குக் கதிர் வலமிருந்து இடமாகப் போகும். அப்போது நோயாளியின் முதுகுப் பக்கம், சற்று வலப்புறமாக நிற்க வேண்டும். முன்பல்லுக்குக் கதிர் முன்னிருந்து பின்னாகப் போகும். அப்போது முதுகுப் பக்கம் நிற்பதுதான் பெரிய தவறு. பக்கவாட்டில், கொஞ்சம் முன்தள்ளி நில்லுங்கள். எப்போதும் நிற்கும் மூலையிலேயே நின்று பட்டனை அழுத்துகிற பழக்கம் இங்கேதான் பிசகுகிறது. தரையில் இரண்டு நிறத்தில் டேப் ஒட்டி வைத்தால் புதிதாகச் சேர்ந்தவருக்கும் குழப்பம் வராது.

மதுரையில் சிம்மக்கல், கோரிப்பாளையம் பக்கம் கடை அறையையே கிளினிக் ஆக்கியிருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பிளைவுட் தடுப்பு கதிரைத் தடுக்காது. சாதாரணக் கண்ணாடியும் ஜிப்சம் போர்டும் பெரிதாக உதவாது. தடுப்புக்கு அந்தப் பக்கம் வரவேற்பு மேசையோ காத்திருப்போர் பெஞ்சோ இருந்தால், கதிர் அந்தத் திசையில் போகாதபடி நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். செங்கல் சுவர் இருக்கும் பக்கம் பார்த்து எடுப்பதே நல்லது.

ட்யூப் ஹெட்டின் முனையில் இருக்கும் குழாயான கோனின் வாய் தோலில் படும் இடத்தில் 6 சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த வட்டத்தின் பரப்பு 28 சதுர சென்டிமீட்டர். 3.5-க்கு 4.5 சென்டிமீட்டர் செவ்வக கோலிமேட்டரை (கதிர் விழும் பரப்பைக் குறுக்கும் துணைக்கருவி) மாட்டினால் 16 ஆகிவிடும். செலவு குறைவு, பலன் பெரிது; ஏப்ரனுக்கும் முன்னால் வாங்க வேண்டியது இதுதான். ஹோல்டர் இல்லாமல் செவ்வகத்தை மாட்டினால் மட்டும் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டு, திரும்ப எடுக்க வேண்டி வரும்.

திரும்ப எடுப்பதுதான் தேவையற்ற கதிர்வீச்சுக்குப் பெரிய காரணம். ஃபிலிம் உபயோகிக்கும் இடங்களில் மதுரை வெயிலும் இதில் சேர்ந்துகொள்ளும். ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் திரவமான டெவலப்பருக்கு 20 டிகிரியில் 5 நிமிடம், 27 டிகிரியில் இரண்டரை நிமிடம் என்பது கணக்கு. சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் கலக்கிய டெவலப்பர் மதியத்தில் 30-ஐத் தாண்டும். படம் மங்கிப் புகை படர்ந்தாற்போல வரும். இதற்குப் பயந்து, கறுத்தவுடன் எடுத்துவிடுவோம் என்று கண் மதிப்பில் கழுவுகிறார்கள். படம் வெளிறினால் எக்ஸ்போஷர் நேரத்தைக் கூட்டுகிறார்கள். டெவலப்பர் செய்ய வேண்டிய வேலையை நோயாளியின் உடம்பு சுமக்கிறது. தெர்மாமீட்டர் ஒன்று போடுங்கள். டெவலப்பர் பாத்திரத்தை ஐஸ் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். நல்ல படம் ஒன்றை மாதிரிக்கு ஒட்டி வைத்து, அதோடு ஒப்பிட்டு வெளிறத் தொடங்கியதும் டெவலப்பரை மாற்றுங்கள்.

ஆர்.வி.ஜி.யில் ஆபத்து தலைகீழ். நேரம் அதிகமானாலும் மென்பொருள் படத்தை அழகாகக் காட்டிவிடும், யாருக்கும் தெரியாது. பெரியவர், குழந்தை, முன்பல், கடைவாய் என்று நேரங்களை எழுதி மெஷின் பக்கத்தில் ஒட்டுங்கள். ஃபிலிமுக்கு வைத்த நேரத்தை சென்சாருக்கு அப்படியே விடாதீர்கள்.

இரு தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி.யில் நகையைக் கழற்றச் சொல்ல மறந்தால் படம் வீண். உசிலம்பட்டிப் பக்கத்துப் பாட்டிகளின் கனத்த காதணியான தண்டட்டி ஒரு காதில் கிடந்தால், அதன் நிழல் எதிர்ப்பக்கத்தில், சற்று மேலே, பெரிதாகி மங்கி விழுந்து கடைவாயை மறைக்கும். மூக்குத்தி, ஹேர்பின், பல்செட்டும் அப்படித்தான். கேட்கும்போது மரியாதையாக, காரணத்தோடு கேளுங்கள், தருவார்கள். ஓ.பி.ஜி.க்குக் கழுத்தைக் காக்கும் தைராய்டு காலர் போடக் கூடாது. கதிரின் பாதையிலேயே அது குறுக்கிடும். ஏப்ரனை மடித்து வைத்தால் உள்ளே ஈயத்தில் விரிசல் விழும், கம்பியில் தொங்கவிடுங்கள்.

பொறுப்பு யாருடையது? மெஷினை வாங்கிய கிளினிக் உரிமையாளருடையது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இ-லோரா இணையதளத்தில் பதிவு செய்யாமல் இயக்கக் கூடாது. வாங்கும் முன்பே அந்த மாடலுக்கு வாரியத்தின் வகை ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். கையில் பிடித்து எடுக்கும் சின்ன மெஷின்களில் இதை இரண்டு முறை பாருங்கள். தரச் சோதனை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, ட்யூப் மாற்றினாலோ பெரிய பழுது பார்த்தாலோ உடனே. ஸ்டெபிலைசர் இல்லாத இடத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்கினால் படத்தின் கருமையும் ஏறி இறங்கும். மெஷினை விற்பதானாலும் கழிப்பதானாலும் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் போடும் பொருள் அல்ல அது.

கதிர்வீச்சுப் பணியாளருக்கான வரம்பு ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் (ஒரு மில்லிசீவெர்ட் 1,000 மைக்ரோசீவெர்ட்), எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு 1. பணியாளருக்குச் சேரும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் கொடுத்திருந்தால் ஏப்ரனுக்கு உள்ளே நெஞ்சில் குத்த வேண்டும். ஒருவர் பேட்ஜை இன்னொருவர் போடுவதும், வேலை முடிந்து எக்ஸ்ரே அறையிலேயே மாட்டிவிட்டுப் போவதும் கணக்கையே பொய்யாக்கும்.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையை இந்த வேலையில் நிறுத்தக் கூடாது. உதவியாளர் கர்ப்பமானால் தெரிந்தவுடன் சொல்லும்படி, சொன்னால் வேலை போகாது என்று சேர்க்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு பிரசவம் வரை கருவுக்கு 1 மில்லிசீவெர்ட்டுக்கு மேல் சேராதபடி வேலையை மாற்றித் தருவது உரிமையாளரின் கடமை. பட்டனை இன்னொருவர் அழுத்தட்டும், கர்ப்பிணி உதவியாளர் டோக்கன் மேசையைப் பார்த்துக்கொள்ளட்டும். அந்த மேசை எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.