குமரிக் கடற்கரையில் தொலைநோக்கி மக்கர் செய்தால்

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு விடுமுறைக்கு வரும்போது தொலைநோக்கியையும் கொண்டுவருகிறவர்கள், முதல் ராத்திரியே "கருவி கெட்டுப்போச்சு" என்று மனம் உடைந்துபோகிறார்கள். பெரும்பாலும் கருவிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கடல் ஈரம், ஏசி அறை, 8 டிகிரி அட்சரேகை, இந்த மூன்றும் சேர்ந்து படுத்துகிற பாடுதான் அது. கருவியோடு வரும் கையேடுகளைக் குளிர்நாட்டுக்காரர்களை மனதில் வைத்து எழுதியிருப்பார்கள். நம் ஊர்ச் சங்கடம் அவற்றில் இருக்காது.

எனக்கு மாமியார் வீடு ராஜாக்கமங்கலம் பக்கம். மொட்டைமாடிக்கு ஆறு அங்குல டாப்சோனியன் (சுழலும் பலகைமேல் நிற்கும், குழிவான கண்ணாடி வைத்த தொலைநோக்கி), கடற்கரைக்கு முக்காலியோடு 80 மி.மீ. ரெஃப்ராக்டர் (லென்ஸ் வைத்தது), இரண்டையும் காரில் ஏற்றிக்கொண்டு போவேன். அங்கே நான் செய்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பனிப்படலம். ஏசி அறையிலிருந்து தொலைநோக்கியை எடுத்து நேரே வெளியே வைத்தால், குளிர்ந்த கண்ணாடியில் கடற்காற்றின் ஈரம் உடனே படிந்துவிடும். துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள். அந்த ஈரத்தோடு உப்பும் மணல்தூளும் இருக்கும், லென்ஸின் பூச்சில் கீறல் விழுந்துவிடும். மூடியைத் திறந்து, குழாயைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்துக் காத்திருங்கள். கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்ததும் தானாக மறைந்துவிடும். இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் சாயங்காலமே ஏசியை அணைத்துவிடலாம், அல்லது கருவியைப் பெட்டியோடு ஏசி இல்லாத அறையில் வைக்கலாம். நடுராத்திரிக்கு மேல் படிகிற பனி வேறு வகை. அதற்குக் குழாயின் முன்னால் சார்ட் பேப்பரையோ பழைய யோகா பாயையோ சுருட்டி, குழாயின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்கு நீட்டிக் கட்டினால் போதும்.

அடுத்தது மணல். சொத்தவிளையானாலும் சங்குத்துறையானாலும் முக்காலியின் கால் மெல்ல மெல்லப் புதையும், கண்ணில் பிடித்த வியாழன் நழுவிக்கொண்டே இருக்கும். என் மாமனார் இதைப் பார்த்துவிட்டுத் தேங்காய்ச் சிரட்டை மூன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். வாய்ப்பக்கம் மேலே இருக்கும்படி மணலில் அழுத்திப் பதித்து, ஒவ்வொரு காலின் நுனியையும் ஒரு சிரட்டைக்குள் இறக்கினோம். அப்புறம் அது அசையவில்லை. முக்காலியின் கால்களை முழுக்க நீட்டாமல், நடுவில் ஒரு பையில் மணலை நிரப்பித் தொங்கவிட்டால் காற்றுக்கும் ஆடாது. டாப்சோனியனை மணலில் வைக்காதீர்கள், சுழலும் பலகைக்குள் மணல் ஏறிவிடும். அலையிலிருந்து நன்றாகத் தள்ளியே இருங்கள். இந்தக் கரையில் காற்றே இல்லாத தெளிந்த நாளிலும் கள்ளக்கடல் என்கிற பேரலை திடீரென ஏறிவரும். கருவி போனால் வாங்கிக்கொள்ளலாம், ஆள் போனால் முடியாது.

ஈக்வட்டோரியல் மவுண்ட் (துருவ நட்சத்திரத்தை நோக்கி அச்சைச் சாய்த்து வைக்கும் தாங்கி) வைத்திருப்பவர்கள்தான் இங்கே ரொம்பத் திண்டாடுவார்கள். அட்சரேகை 8 டிகிரி என்பதால் துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து 8 டிகிரிதான் உயரம். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி, அதைவிடக் குறைவு. பேச்சிப்பாறைப் பக்கம் மலை மறைக்கும், கடற்கரையில் தென்னந்தோப்பு மறைக்கும். அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். போனில் இருக்கும் திசைகாட்டியால் வடக்கைப் பிடியுங்கள். இங்கே காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. ஆனால் போனை மவுண்டின் இரும்பை விட்டுத் தள்ளிப் பிடிக்க வேண்டும். அச்சின் சாய்வை 8 டிகிரிக்கு இறக்கும்போது சில மவுண்ட்களில் எதிர் எடைத் தண்டு முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கும். அப்போது ஒரு கால் தெற்கே போகும்படி முக்காலியைத் திருப்பினால், எடை மற்ற இரண்டு கால்களுக்கும் நடுவே இறங்கிவிடும். சில மவுண்ட் அவ்வளவு கீழே சாயவே சாயாது. அப்படிப்பட்டதை வீட்டிலேயே விட்டுவிட்டு, சாதாரண முக்காலியோடு வருவதே நல்லது என்பேன்.

கோட்டூ (GoTo) கருவி, அதாவது மோட்டாரால் தானே நட்சத்திரத்தைத் தேடிப் போகும் கருவி, நட்சத்திரத்தைப் பிடிக்காமல் எங்கெங்கோ போனால் மூன்றைப் பாருங்கள். தேதியில் மாதம் முதலில் வருகிறதா, நேர மண்டலம் +5:30 என்று இருக்கிறதா, இடம் 8.1 வடக்கு, 77.5 கிழக்கு என்று இருக்கிறதா. மூன்றும் சரியாக இருந்தும் தடுமாறினால் பேட்டரி இறங்கியிருக்கும். கடலோரத்தில் பேட்டரி முனைகளில் பச்சை பூத்துவிடும், பென்சில் ரப்பரால் தேய்த்தாலே பல நேரம் உயிர் வந்துவிடும்.

கார் குலுக்கலில் டாப்சோனியனின் கண்ணாடி இடம் மாறியிருக்கும், படம் கலங்கலாகத் தெரியும். உச்சிக்குப் பக்கத்தில் நடுத்தர வெளிச்சமுள்ள ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்து ஃபோகஸைக் கலையுங்கள். உளுந்த வடை மாதிரி வட்டமும் ஓட்டையும் தெரியும். ஓட்டை நடுவில் இருந்தால் கை வைக்காதீர்கள். ஒதுங்கியிருந்தால், அது ஒதுங்கிய பக்கமாகவே நட்சத்திரத்தை நகர்த்துங்கள். பிறகு கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பூட்டு ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, பின்புற ஸ்க்ரூக்களைத் துளித்துளியாகத் திருப்பி நட்சத்திரத்தை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். தேவைப்பட்டால் மறுபடியும் செய்யலாம். இதற்கு இரண்டு பேர் வேண்டும். என் மச்சினன் கண்ணை வைத்து, "அத்தான், இன்னும் கொஞ்சம்... போதும், போதும்" என்று சொல்லச் சொல்ல நான் பின்னால் திருப்புவேன்.

ஃபைண்டரை (குழாயின் மேல் இருக்கும், குறிபார்க்கிற சின்னத் தொலைநோக்கி) பகலிலேயே சரிசெய்துவிடுங்கள். முட்டம் பக்கம் தங்கினால் கலங்கரை விளக்கத்தின் உச்சி போதும், மற்ற இடங்களில் தூரத்து செல்போன் டவர். மேற்குக் கரையில் சூரியன் முழுசாக இறங்கும் வரை அந்தத் திசையில் குழாயைத் திருப்பக் கூடாது, பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் இன்னும் கவனம்.

இவ்வளவு பாடும் எதற்கென்றால், ஏப்ரலில் நடுராத்திரியை ஒட்டி, தெற்கே 34 டிகிரி உயரத்தில் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து நிற்கும். டெல்லியில் இருப்பவர்களுக்கு அது 14 டிகிரியில், புழுதிக்குள் கிடக்கும்.

பார்த்து முடித்ததும் அப்படியே பெட்டிக்குள் வைக்காதீர்கள். முக்காலியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள், உப்பு போக வேண்டும். லென்ஸ் ஈரமாக இருந்தால் மின்விசிறிக்குக் கீழே காயவைத்து, காய்ந்த பிறகே மூடுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டுவிட்டால் ஊருக்குப் போகும்வரை பூஞ்சை பற்றிய கவலை வேண்டாம்.