வரகில் அத்தோ: மூன்று முறை கூழாக்கியவன் எழுதும் செய்முறை

சென்னை பீச் ஸ்டேஷன் எதிரில் சாயங்காலம் நின்று அத்தோ சாப்பிட்டவர்களுக்கு இது சட்டென்று புரிந்துவிடும். சாப்பிடாதவர்களுக்காக: வேகவைத்து ஆறவைத்த நூடுல்ஸ், பச்சைக் கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாய், பொட்டுக்கடலை மாவு, புளித்தண்ணீர், எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கையால் பிசைந்து தட்டில் தள்ளுவார்கள். சூடாக இருக்காது, சூடாக இருக்கவும் கூடாது. அதாவது நாம் இத்தனை வருஷமாக ரோட்டோரத்தில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருப்பது சாலட். அத்தோ பர்மியச் சொல், அந்த மொழியிலும் அதற்கு 'கலந்து பிசைந்தது' என்கிற மாதிரிதான் அர்த்தம்.

நூடுல்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வரகைப் போட்டால் என்ன என்று தோன்றியதற்குக் காரணம் அம்மாவின் சர்க்கரை. ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்திருந்த 2023-ல் தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு மளிகைக் கடை வரைக்கும் வரகு, சாமை, தினை, குதிரைவாலி பாக்கெட்டுகள் வந்து குவிந்தன. அம்மாவும் வகைக்கு ஒன்றாக நான்கையும் வாங்கி வந்து, ஒரு வாரம் உப்புமா செய்து, ஒருவரும் தொடாததால் அலமாரியில் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டார். அந்தப் பாக்கெட்டுகளைத் தீர்க்கத்தான் ஆரம்பித்தேன். மூன்று முறை கெட்டது. நாலாவது முறைதான் சரியாக வந்தது, அதுவும் மாடி வீட்டுப் பாட்டி புண்ணியத்தில்.

பாட்டி பர்மாவில் பிறந்தவர். அங்கே 1962-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அடுத்த இரண்டொரு வருஷத்தில் கடை கண்ணிகளையெல்லாம் அரசே எடுத்துக்கொண்டபோது கப்பலேறி வந்த குடும்பம். வியாசர்பாடியில் இருந்துவிட்டு மகனோடு இங்கே வந்தவர். என் மூன்றாவது கூழைப் பார்த்துவிட்டு, "இன்னா கண்ணு இது, பசை காய்ச்சி வெச்சிருக்க, போஸ்டர் ஒட்டப் போறியா?" என்றார். அப்புறம்தான் சொன்னார், அங்கே நூடுல்ஸில் மட்டும் செய்வதில்லையாம், மிஞ்சின சோற்றிலும் இதே மாதிரி பிசைவார்களாம். ஆக தானியத்தில் செய்வது என் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்ததும் போச்சு.

சரி, வேலைக்கு வருவோம். மூன்று பேருக்கு அளவு சொல்கிறேன்.

வரகு ஒரு டம்ளர். பூண்டு ஒரு முழுப் பூண்டு. பெரிய வெங்காயம் மூன்று, இரண்டு பொரிக்க, ஒன்று பச்சையாக. கோஸ் கால் பாகம். காய்ந்த மிளகாய் ஏழெட்டு. பொட்டுக்கடலை இரண்டு கைப்பிடி. புளி சின்ன எலுமிச்சை அளவு. எலுமிச்சம்பழம் ஒன்று. கடலை எண்ணெய் அரை டம்ளர். மஞ்சள்தூள், உப்பு, கொத்தமல்லி, நான்கைந்து தட்டை. அவித்த முட்டை உங்கள் இஷ்டம்.

ஏன் வரகு? என் அனுபவத்தில் நான்கில் பிடிவாதமான தானியம் அதுதான். குதிரைவாலி கண்ணை மூடித் திறப்பதற்குள் குழைந்துவிடும். சாமை பரவாயில்லை. தினையும் நன்றாக நிற்கும், ஆனால் அதற்கென்று ஒரு வாசனை இருக்கிறது, அது புளியோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. முதல் முறை செய்கிறவர்கள் வரகிலேயே செய்யுங்கள்.

வரகை வேகவைப்பது

இந்தப் பதிவில் இது ஒன்றைப் படித்துவிட்டு மற்றதை உங்கள் போக்கில் செய்தாலும் எனக்குச் சம்மதம்.

முதல் தடவை குக்கரில் வைத்தேன், ஒன்றுக்கு மூன்று தண்ணீர், மூன்று விசில். களி. இரண்டாம் தடவை தண்ணீரைக் குறைத்து ஒன்றுக்கு இரண்டு, இரண்டு விசில். மேலே உதிரி, அடியில் களி. குக்கரில் சாப்பாட்டுக்கு வைப்பது வேறு, இதற்கு வைப்பது வேறு. சாம்பார் ஊற்றிச் சாப்பிடும் வரகு கொஞ்சம் குழைந்தால் ஒன்றும் ஆகாது. இங்கே பின்னாலேயே எண்ணெய், புளி, எலுமிச்சை என்று ஈரம் வந்துகொண்டே இருக்கும், கை வேறு போட்டுப் பிசையப் போகிறோம். அதனால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும்போதே இறக்கவேண்டும்.

குக்கரை மறந்துவிட்டு, சோறு வடிக்கிற மாதிரி வடியுங்கள். வரகை நாலைந்து தண்ணீர் மாற்றிக் கழுவி (கல் இருந்தால் அரித்து) அரை மணி நேரம் ஊறவையுங்கள். பெரிய பாத்திரத்தில் ஆறு டம்ளர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, உப்பு போட்டு, ஊறிய வரகை வடித்துப் போடுங்கள். மூடவேண்டாம். ஆறாவது நிமிஷத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். நடுவில் மாவு மாதிரி இல்லாமல், ஆனால் பல்லுக்குக் கொஞ்சம் வேலை கொடுத்தால் அதுதான் பதம். எனக்கு எட்டு நிமிஷத்தில் வந்தது. உங்கள் வரகு எவ்வளவு தீட்டியது என்பதைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும், தவிடு ஒட்டிய பழுப்பு வரகுக்கு இன்னும் கூட எடுக்கும்.

இப்போது வடிப்பது. மூன்றாவது தடவை இங்கேதான் விழுந்தேன். பதமெல்லாம் சரியாக வந்துவிட்ட சந்தோஷத்தில், காய் கழுவுகிற கண்வடிதட்டில் கொட்டினேன். வரகு அரிசியில்லை சாமி. பாதி நேராக சிங்க் குழாய்க்குள் போய்விட்டது. மீதியைக் காப்பாற்ற அவசர அவசரமாகத் திரும்பப் பாத்திரத்தில் தள்ளி மூடி வைத்தேன், அந்த ஆவியிலேயே அது வெந்து பசையாகிவிட்டது. பாட்டி பார்த்தது அதைத்தான்.

கண்வடிதட்டின் மேல் பழைய வெள்ளை வேட்டித் துணியை விரித்து அதில் கொட்டுங்கள். கம்பிவலை வடிகட்டிகள் விற்கிறார்கள், நானும் ஒன்று வாங்கினேன், கண்ணிகளுக்குள் வரகு போய் உட்கார்ந்துகொண்டு கழுவுவதற்குள் உயிர் போகிறது. துணிதான் நல்லது. உதறினால் வேலை முடிந்தது. வடிந்ததும் மேலே ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள், வேகுவது அங்கேயே நிற்கும், மேலே ஒட்டியிருக்கும் கஞ்சியும் போய்விடும்.

அதோடு முடியவில்லை. பெரிய தாம்பாளத்தில் மெல்லிசாகப் பரப்பி, ஃபேன் அடியில் முக்கால் மணி நேரம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை முள்கரண்டியால் கிளறிவிடுங்கள். நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் இருக்கிறது, மழை நாளில் ஒரு மணி நேரம்கூட ஆகும். கையில் ஒரு பிடி எடுத்து அழுத்திவிட்டு விரலை விரித்தால் உதிரவேண்டும். உருண்டையாக நின்றால் இன்னும் நேரம் கொடுங்கள். "ஈரம் இருக்கறப்பவே புளியை ஊத்திட்டா அப்புறம் ஆண்டவனே வந்தாலும் அத்தோ ஆக்க முடியாது" என்பது பாட்டி வாக்கு.

காய்கிற நேரத்தில் பொரிக்கிற வேலை

பூண்டை மெல்லிசாக சீவி, எண்ணெய் லேசாகச் சூடானதுமே போட்டுச் சிறு தீயில் விடுங்கள். இளம் மஞ்சள் நிறம் வந்தவுடன் எடுத்துவிடவேண்டும். இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும் என்று நின்றால் கசக்கும், ஏனென்றால் வெளியே எடுத்த பிறகும் அந்தச் சூட்டில் அது சிவந்துகொண்டுதான் இருக்கும். அதே எண்ணெயில் நீளவாக்கில் அரிந்த இரண்டு வெங்காயம், நடுத்தரத் தீயில், பொன்னிறம் தாண்டிக் கொஞ்சம். தட்டில் பரப்பினால் மொறுமொறுப்பாகிவிடும். அடுப்பை அணைத்துவிட்டு எண்ணெயில் கால் ஸ்பூன் மஞ்சள்தூள். கடையில் வரும் அந்த ஆரஞ்சு நிறம் வராது, எனக்கு அது வேண்டவும் வேண்டாம். இந்த எண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள், மொத்த ருசியும் அதில்தான் இருக்கிறது.

ஆலிவ் எண்ணெயில் செய்யலாமா என்று கேட்காதீர்கள். கடலை எண்ணெய். வாணலி இரும்பாக இருந்தால் நல்லது, சூடு நின்று வரும், நான்ஸ்டிக்கில் வெங்காயம் சோர்ந்துபோகிறது.

மிளகாயை வெறும் வாணலியில் கருகாமல் வறுத்து, உரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள். மிளகாய்த்தூள் போட்டால் காரம் மட்டும் வரும், வாசனை வராது. பொட்டுக்கடலையை மிக்ஸியில் மாவாக்கிக்கொள்ளுங்கள். புளியைக் கால் டம்ளர் வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். கோஸைக் கடைசியில், பிசைவதற்குச் சற்று முன்னால், நூல் மாதிரி அரியுங்கள். பச்சையாகச் சாப்பிடுவது, அதனால் நன்றாகக் கழுவி, நன்றாகத் துடைத்து. முன்னாலேயே அரிந்து உப்புப் போட்டு வைத்தால் தண்ணீர் விட்டு எல்லாவற்றையும் கெடுக்கும்.

பிசைவது

கைதான். கரண்டியால் கிளறினால் மேலே உள்ளது மேலேயே இருக்கும்.

வரிசை முக்கியம். முதலில் வரகில் மூன்று ஸ்பூன் பூண்டு எண்ணெய் விட்டு, ஒவ்வொரு மணியிலும் படும்படி விரல் நுனியால் பிசிறுங்கள். அப்புறம் உப்பு, இடித்த மிளகாய், மூன்று ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு. எண்ணெய் பட்ட வரகில் மாவு போர்வை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் கோஸ், பச்சை வெங்காயம். புளி இப்போதுதான், அதுவும் ஸ்பூன் ஸ்பூனாக, நான்கில் நிறுத்தி ருசி பாருங்கள். மாவையும் புளியையும் ஒன்றாகப் போட்டால் மாவு கட்டி கட்டியாகத் திரண்டுவிடும், வாயில் மாட்டும்போதெல்லாம் மருந்து மாதிரி இருக்கும். எலுமிச்சை அரைப் பழம். பொரித்த பூண்டு, வெங்காயம், நொறுக்கிய தட்டை, கொத்தமல்லி எல்லாம் தட்டில் வைத்த பிறகு மேலே. உடனே சாப்பிட்டுவிடவேண்டும்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் பக்கம் கிடைக்கும் சென்னாக்கூனியை (பொடிப்பொடியான இறால் கருவாடு) மண் போக அலசி, வெயிலில் காயவைத்து, வெறும் வாணலியில் வறுத்துப் பொடித்து ஒரு ஸ்பூன் மாவோடு சேர்த்துப் பாருங்கள். பர்மாவில் கூனிப்பொடி இல்லாமல் பிசையவே மாட்டார்கள் என்கிறார் பாட்டி. அம்மா மூக்கைப் பொத்திக்கொள்வதால் என் தட்டில் மட்டும் போட்டுக்கொள்கிறேன்.

பிறகு சேர்த்தது

கருத்துப் பெட்டியில் மூன்று பேர் 'கசக்கிறது' என்று எழுதியிருந்தார்கள். இரண்டு பேருக்குப் பூண்டு கருகியிருக்கிறது. மூன்றாமவருக்கு வரகே பழசு. தீட்டாத சிறுதானியத்தில் தவிட்டின் எண்ணெய்ச் சத்து இருப்பதால் நாளானால் சிக்கு வாடை அடித்துக் காறிப்போகும். வாங்கும்போது தேதி பாருங்கள், பிரித்ததும் முகர்ந்து பாருங்கள், அரைக் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். எங்கள் வீட்டு மேல்தட்டுத் தினையும் அப்படித்தான் போயிருக்கவேண்டும், பாவம், நான் தினையைத் திட்டிவிட்டேன்.

சர்க்கரைக்காரர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாமா என்றால், கூடாது. வரகிலும் மாவுச்சத்துதான் பெரும்பங்கு. அம்மாவுக்கு ஒரு கரண்டி வரகுக்கு இரண்டு கரண்டி கோஸ், ஒரு முட்டை, தட்டை கிடையாது என்று வைக்கிறேன். திட்டிக்கொண்டே சாப்பிடுகிறார்.

ஆபீஸுக்கு எடுத்துப்போகிறவர்கள் எண்ணெய், மாவு, மிளகாய் பிசிறிய வரகை ஒரு டப்பாவிலும், கோஸ் வெங்காயத்தை இன்னொன்றிலும், புளியைச் சின்ன பாட்டிலிலும், பொரித்ததைத் தனியாகவும் கொண்டுபோங்கள். வெந்த வரகை முதல் நாளே செய்து வைப்பதென்றால் ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடவேண்டும், நம் வெயிலில் வெளியே கிடந்தால் சோறு மாதிரிதான், ஊசிப்போகும். ஃப்ரிட்ஜில் இருந்தது கல் மாதிரி விறைத்திருக்கும், பயப்படவேண்டாம், துணியில் கட்டி இட்லிப் பானையில் ஐந்து நிமிஷம் ஆவி காட்டினால் இளகிவிடும். அப்புறம் மறுபடி தாம்பாளம், மறுபடி ஃபேன்.