முதல் குழந்தைக்கு என்னென்ன வாங்குவது? நாற்பது நாள் கணக்கு

குழந்தைப் பொருள் கடைக்குப் பட்டியல் இல்லாமல் போனால் கடைக்காரரின் பட்டியலோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். அதில் மெத்தை செட், பால் புட்டி, பவுடர் டப்பா எல்லாம் இருக்கும். பிரசவ வார்டில் முதல் இரவே தேவைப்படும் பழைய வேட்டித் துணி மட்டும் இருக்காது.

எதை இப்போதே வாங்குவது என்று முடிவு செய்ய ஒரு சோதனை போதும். குழந்தை பிறந்த பிறகு, தேவைப்படும் அன்றே வீட்டில் ஒருவர் மருந்துக்கடைக்குப் போய் அதை வாங்கிவர முடியுமா? முடியும் என்றால் இப்போது வேண்டாம். துவைத்துக் காயவைக்க வேண்டியவை, மாட்டிப் பார்த்துப் பழக வேண்டியவை, நள்ளிரவில் கிடைக்காதவை, இந்த மூன்றையும் மட்டும் முன்கூட்டி வாங்குங்கள். அதுவும் முதல் 40 நாளுக்கு. தலைப்பிரசவம் பெரும்பாலும் தாய்வீட்டில் என்பதால் கட்டில், அலமாரி போன்ற பெரிய சாமான்களைப் புகுந்த வீட்டுக்குத் திரும்பும் நேரத்தில் யோசித்துக்கொள்ளலாம். இப்போதே வாங்கினால் மூன்று மாதம் தூசி படிந்து கிடக்கும், அல்லது வேன் வைத்து ஊர் மாற்ற வேண்டியிருக்கும்.

படி 1: கடைக்கு முன், ஒரு போன்

பிரசவம் பார்க்கும் மருத்துவமனையை அழைத்துக் கேளுங்கள். குழந்தைத் துணி, டயப்பர், தாய்க்கு நாப்கின், படுக்கை விரிப்பு, இவற்றில் எதை அவர்கள் தருகிறார்கள், எதை நாம் கொண்டுபோக வேண்டும்? வெந்நீர் கிடைக்குமா? சில தனியார் மருத்துவமனைகளில் இவை பில்லிலேயே சேர்ந்து வரும். நீங்களும் வாங்கி வைத்திருந்தால் இரட்டைச் செலவு.

அரசு மருத்துவமனை என்றால், குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம் பற்றிச் செவிலியரிடம் கேட்டுவையுங்கள். 2015இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் துண்டு, உடை, சிறு மெத்தை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை உட்பட 16 பொருள்கள் இருந்தன. பெட்டகம் கைக்கு வருவது பிரசவத்துக்குப் பிறகுதான். ஆகவே முதல் நாள் துணி உங்களிடம் இருந்தாக வேண்டும். எண்ணெய், சோப்பு, கொசுவலையைத் தள்ளிப்போடலாம்.

‘பிறக்குமுன் குழந்தைக்குப் புதுசு வாங்கக் கூடாது’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் சண்டை வேண்டாம். இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் பழைய துணியும் தாய்க்கான சாமானும்தான். பலமுறை துவைத்த துணியில் கஞ்சியும் மிச்சச் சாயமும் போயிருக்கும் என்பதால், முதல் உடுப்பு பழையதாக இருப்பது குழந்தையின் தோலுக்கும் நல்லது.

படி 2: துணிக் கணக்கு

பிறந்த முதல் நாள் குழந்தை ஓரிரு முறைதான் சிறுநீர் கழிக்கும். பால் நன்றாகச் சுரக்கத் தொடங்கியதும், ஐந்தாம் நாள் வாக்கில், ஒரு நாளைக்கு 6 முறைக்கு மேல் போகும். மலம் 3, 4 முறை. சில குழந்தைகள் பால் குடித்த ஒவ்வொரு முறையும் போகும், அதுவும் இயல்புதான். ஆக நாளொன்றுக்கு 10 முதல் 12 துணி ஆகும். காலையில் துவைத்தது மாலையில் காயும் மாதங்களில் 24 துணி போதும். ஐப்பசி, கார்த்திகையில் பிரசவம் என்றால் 36 வையுங்கள். மழைக்காலத்தில்தான் இந்தக் கணக்கு தவறும். துணி தொட்டால் காய்ந்தது போலிருக்கும், தையல் மடிப்புக்குள் ஈரம் நிற்கும், இரண்டே நாளில் தொடை இடுக்கு சிவந்துவிடும்.

24 துணிக்கு இரண்டு பழைய எட்டு முழ வேட்டிகள் சரியாக வரும். ஜரிகைக் கரையை வெட்டி எறியுங்கள், அது உரசும். மீதியை நீளவாக்கில் ஆறு, அகலவாக்கில் இரண்டு என வெட்டினால் ஒரு வேட்டியில் 12 சதுரம், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 60 செ.மீ. ஓரத்தை மடித்து ஒரு தையல் போடுங்கள். போடாவிட்டால் பிரியும் நூல் குழந்தையின் கால் விரலில் சுற்றி இறுகி, விரல் வீங்கிவிடும். காரணம் தெரியாமல் குழந்தை வீரிட்டு அழுதால் முதலில் பார்க்க வேண்டிய இடம் கால் விரல்கள்தான். முக்கோணமாக மடித்து இடுப்பில் முடிச்சிடுங்கள், ஊக்கு வேண்டாம். தொப்புள்கொடி காய்ந்து விழும் வரை, அதாவது ஒன்று இரண்டு வாரம், முடிச்சு தொப்புளுக்குக் கீழே நிற்க வேண்டும்.

இவற்றோடு:

- முன்பக்கம் திறக்கும் பருத்தி ஜபலா 8. தலைவழியாக மாட்டும் பனியன் வேண்டாம், பிறந்த குழந்தையின் கழுத்தைப் பிடித்தபடி மாட்டுவது புதியவர்களுக்குச் சிரமம். நாடா நீளமாக இருந்தால் முடிச்சுக்கு வேண்டியதை விட்டு வெட்டிவிடுங்கள்.
- சுற்றிப் பிடிக்க ஒரு மீட்டர் சதுர மெல்லிய துணி 4. கால்களை நீட்டி இறுக்கிக் கட்டாதீர்கள். தவளை போல மடங்கி விரிய இடம் இல்லாவிட்டால் இடுப்பு மூட்டு விலகும் ஆபத்து உண்டு.
- பூத்துண்டு 3, ரப்பர் ஷீட் அல்லது டிரை ஷீட் 2 (ஒன்று துவைப்பில் இருக்கும்).
- தொப்பி 2, காலுறை 2. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் என்றால் ஸ்வெட்டர் 2. தூத்துக்குடியில் சித்திரை மாதம் ஸ்வெட்டர் செட் பரிசாக வந்தால் மலைப்பக்கம் உள்ள உறவினருக்கு அனுப்பிவிடுங்கள்.

எல்லாவற்றையும் இரண்டு முறை துவைத்து, வெயிலில் உலர்த்தி வையுங்கள். வாசனைக் கண்டிஷனர் வேண்டாம். பெட்டியில் அந்துருண்டை, அதாவது பாச்சை உருண்டை, போடவே கூடாது. பரணில் அந்துருண்டையோடு கிடந்த பழைய துணியை அப்படியே எடுத்துப் போடுவது நம் வீடுகளில் சாதாரணம். அதிலுள்ள நாப்தலின், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். உங்கள் குழந்தைக்கு அந்தக் குறை உண்டா என்று பிறக்குமுன் தெரியாது.

படி 3: டயப்பர், ஒரே ஒரு சிறு பாக்கெட்

முதல் இரண்டு நாள் மலம் கறுப்பாகத் தார் போல ஒட்டும், துணியில் பட்டால் கறை போகாது. அதற்கும், இரவுக்கும், மருத்துவமனைப் பயணத்துக்கும் புதிதாய்ப் பிறந்தவர்களுக்கான அளவில் 20, 24 உள்ள பாக்கெட் ஒன்று போதும். தள்ளுபடி என்று பெரிய மூட்டை வாங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அந்த அளவு பெரும்பாலும் 5 கிலோ வரை. 3 கிலோவில் பிறந்த குழந்தை முதலில் சற்று இளைத்து, இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பி, பிறகு நாளுக்கு 25, 30 கிராம் கூடும். ஏறக்குறைய மூன்று மாதத்தில் 5 கிலோ வந்துவிடும். தொடைப் பட்டை அதற்கு முன்பே இறுகத் தொடங்கும். அந்த பிராண்டு தோலுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் மூட்டை முழுவதும் வீண்.

துடைக்கப் பஞ்சு ரோல் ஒன்றும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். ஈர வைப்ஸ் வெளியூர்ப் பயணத்துக்கு மட்டும்.

படி 4: எங்கே தூங்கப் போகிறது?

கடையில் அதிகம் செலவாவது இங்கேதான், ஆபத்தும் இங்கேதான் அதிகம். குழந்தைக்கு வேண்டியது சமமான, அழுத்தினால் குழியாத படுக்கை. அதில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். அம்மாவின் அறையிலேயே தனிப் பாய் மேல் கெட்டியான சிறு மெத்தையும் குடை மாதிரி கொசுவலையும் இருந்தால் நாற்பது நாள் ஓடிவிடும். மெத்தை செட்டோடு வரும் குட்டித் தலையணை, இருபுறத் திண்டு, கனத்த போர்வை மூன்றையும் எடுத்து அலமாரியில் வையுங்கள். மூக்கு அதில் அழுந்தினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வலு அந்த வயதில் இல்லை. தொட்டிலின் உள்ளே சுற்றிக் கட்டும் மெத்தைத் தடுப்பை அமெரிக்கா 2022இல் சட்டம் போட்டே தடை செய்தது. கடுகுத் தலையணையும் வேண்டாம். தலை உருண்டையாக வர, விழித்திருக்கும்போது நம் கண் முன்னே சிறிது நேரம் குப்புறப் படுக்கவைத்தால் போதும். மரத் தொட்டில் வாங்குவதாக இருந்தால் கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது.

தூளி கட்டாத வீடு நம் ஊரில் அபூர்வம், ஆகவே அதைச் சரியாகக் கட்டத் தெரிந்துகொள்வது நல்லது. துணி பருத்திப் புடவையாக இருக்கட்டும். செயற்கைப் பட்டு வழுக்கும், முடிச்சு நழுவும், காற்றும் போகாது. கொக்கியை நம்புமுன் 25 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டு ஆட்டிப் பாருங்கள். ஸ்பிரிங் போடுகிறீர்கள் என்றால் அது அறுந்தாலும் தாங்கும்படி கூடவே ஒரு சங்கிலியோ கயிறோ வேண்டும். தொட்டில் கம்பு கட்டாயம், அது துணியை விரித்துப் பிடிக்காவிட்டால் இரண்டு பக்கமும் முகத்தின் மேல் மூடிக்கொள்ளும். தூளியின் அடி, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் போக வேண்டாம்.

படுக்க வைத்ததும் மோவாயைப் பாருங்கள். அது நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தால் மூச்சுக்குழல் மடங்குகிறது என்று பொருள், எடுத்து நேராகக் கிடத்த வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், சளி பிடித்திருக்கும்போதும் தூளியே வேண்டாம். மற்ற குழந்தைகளுக்கும் ஆள் பார்த்துக்கொண்டிருக்கும் பகல் தூக்கத்துக்கு மட்டும். இரவு முழுக்கத் தூளி என்பது எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில் யாரும் மோவாயைப் பார்க்காமல் விடுவதுதான். வீட்டில் வேறு சிறு பிள்ளைகள் இருந்தால், தூளியைப் பயன்படுத்தாத நேரத்தில் மேலே சுருட்டிக் கட்டிவிடுங்கள். விளையாட்டில் கழுத்து சிக்கிக்கொள்ளும்.

படி 5: பாலுக்கு எதுவும் வாங்க வேண்டாம், ஏறக்குறைய

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. புட்டி, நிப்பிள், ஸ்டெரிலைசர், பால் மாவு எதையும் முன்கூட்டி வாங்காதீர்கள். வீட்டில் டின் இருந்தால், மூன்றாம் நாள் இரவு குழந்தை அழும்போது யாராவது அதைத் திறந்துவிடுவார்கள். குறைவாகச் சப்பினால் பாலும் குறைவாகவே சுரக்கும், பிறகு டின் உண்மையிலேயே தேவையாகிவிடும். பால் மாவையும் புட்டியையும் விளம்பரம் செய்வதை இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இலவச மாதிரி தந்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

ஒரே ஒரு எவர்சில்வர் பாலாடை வாங்கி வையுங்கள். குழந்தைக்குச் சப்ப வராத நாளில் பீய்ச்சி எடுத்த பாலைப் புகட்ட அது போதும். பயன்படுத்துமுன் சோப்பில் கழுவி 10 நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும், புட்டியை விட இதைச் சுத்தம் செய்வது எளிது. பிரெஸ்ட் பம்ப் தேவைப்பட்டால் அப்போது வாங்கலாம். பலருக்குக் கையால் பீய்ச்சுவதே போதும், செவிலியரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

படி 6: அம்மாவுக்கு

எல்லோரும் மறப்பது இது. பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு ஆறு வாரம் வரை இருக்கும், முதல் வாரம் அதிகம். பெரிய அளவு நாப்கின் 24 வாங்குங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதும் நனைந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி 4. ஃபீடிங் பிரா 3, எட்டாம் மாதத்துக்குப் பிறகு அளந்து வாங்குங்கள், முன்பே வாங்கினால் இறுக்கும். உள்ளாடை தொப்புள் வரை ஏறும் பருத்தியில் 6. சிசேரியன் ஆகிவிட்டால் தாழ்ந்த எலாஸ்டிக் சரியாகத் தையல் மேல் உரசும்.

படி 7: மருந்துப் பெட்டி

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று. அக்குளில் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் இயல்பு. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காட்டினால் மருந்து தேடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். நகவெட்டி ஒன்று. அவ்வளவுதான்.

வைட்டமின் டி சொட்டு மருந்து மருத்துவர் எழுதிய பிறகு. வழக்கமான அளவு நாளுக்கு 400 ஐ.யு. சில பிராண்டில் அது ஒரு மில்லி, சிலவற்றில் அரை மில்லி. பிராண்டு மாறினால் அளவையும் மறுபடி கேளுங்கள்.

பவுடர் நுரையீரலுக்குள் போகும், கண் மையில் ஈயம் இருக்கலாம், கிரைப் வாட்டர் தேவையில்லை, வசம்பை உரைத்துக் கொடுப்பதும் சாம்பிராணிப் புகையும் வேண்டாம். பாட்டி திருஷ்டிப் பொட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் உள்ளங்காலில் வைக்கட்டும், கை எட்டாது. கையில் போடும் கறுப்பு மணி வளையல் அறுந்தால் மணி வாய்க்குப் போகும்.

படி 8: கார் இருந்தால்

சொந்தக் கார் உள்ளவர்கள் முன்பே வாங்க வேண்டிய ஒரே பெரிய பொருள் குழந்தை இருக்கை, ஏனென்றால் வீடு திரும்பும் நாளிலேயே அது தேவை. பிறந்த குழந்தைக்கு ஏற்ற, பின்னோக்கி வைக்கும் வகையாகவும், குழந்தை இருக்கைக்கான ஐ.நா. பாதுகாப்புத் தரமான ஆர்129 முத்திரை உள்ளதாகவும் பாருங்கள். வாங்குமுன் உங்கள் காரின் பின்சீட்டில் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். மற்ற சாமானைச் சொந்தக்காரரிடம் பழையதாக வாங்கலாம், இதை மட்டும் விபத்தில் சிக்கியதா என்று தெரியாமல் வாங்காதீர்கள்.

தள்ளுவண்டி, குளியல் டப், உயர நாற்காலி எல்லாம் பிறகு. வாக்கர் எப்போதுமே வேண்டாம், கனடா அதன் விற்பனையை 2004இலேயே தடை செய்துவிட்டது.

படி 9: 35ஆம் வாரத்தில் பை

இரண்டு பை. தாய்க்கு ஒன்று: நைட்டி 2, நாப்கின் ஒரு பாக்கெட், உள்ளாடை, துண்டு, ஃபிளாஸ்க், போன் சார்ஜர். குழந்தைக்கு ஒன்று: ஜபலா 4, சதுரத் துணி 12, சுற்றும் துணி 2, தொப்பி, டயப்பர் 10, பஞ்சு. ஸ்கேன் அறிக்கைகள், இரத்த வகை, ஆதார், காப்பீட்டு அட்டை, கர்ப்பப் பதிவின் பிக்மி எண் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துத் தாய் பையின் மேலே செருகுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்பார்கள். பை எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வளைகாப்பில் யாராவது ‘என்ன வேணும்னு சொல்லு’ என்று கேட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்: ஆறு மாத அளவு உடுப்பு, அல்லது எம் அளவு டயப்பர். பேர் வைக்கும் நாளில் எல்லோரும் பிறந்த குழந்தை அளவிலேயே உடுப்பு கொண்டுவருவார்கள். பில்லையும் சேர்த்து வாங்கி வையுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.